பிப்பியை அன்னிகாவின் பக்கத்தில் நின்று படியுங்கள்

சின்ன வயதில் படித்த பிப்பி லாங்ஸ்டாக்கிங் சிறுவர் கதைகளை இத்தனை வருஷம் கழித்து மறுபடி எடுக்கிறீர்கள் என்றால், அவள் ஒற்றை ஆளாகக் குதிரையைத் தூக்கும் காட்சியை முதலில் ஒதுக்கி வையுங்கள். எல்லாருக்கும் ஞாபகம் நிற்பது அதுதான். ஆனால் ஒன்பது வயதுச் சிறுமியின் அந்த அசுர பலம் கதைக்குள் நுழைய வாசல் மட்டுமே. ஜெயித்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். வளர்ந்த பிறகும் நமக்குக் கைகொடுக்கும் துணிச்சல் அங்கேதான் இருக்கிறது.

போலீஸ்காரர்கள் வரும் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். அம்மா இல்லாத, அப்பா கடலில் தொலைந்துபோன பிள்ளை தனியாக வசிக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். அவளைக் குழந்தைகள் இல்லத்துக்கு அழைத்துப்போக இரண்டு போலீஸ்காரர்கள் வருகிறார்கள். பிப்பி முதலில் வாதாடுகிறாள். நான் குழந்தை, இது என் இல்லம், ஆகவே இது குழந்தைகள் இல்லம்தானே என்கிறாள். அங்கே தன் குதிரைக்கும் குரங்குக்கும் இடமுண்டா என்று விசாரிக்கிறாள். இல்லை என்றதும் வரமாட்டேன் என்கிறாள். அவர்கள் கையைப் பிடிக்கப் போகும்போதுதான் கூரைமேல் ஓடிப்பிடி விளையாட்டு தொடங்குகிறது. கடைசியில் இருவரையும் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிட்டு, வீட்டுக்குள் ஓடி, தான் சுட்ட பிஸ்கட்டுகளை எடுத்துவந்து ஆளுக்கு ஒன்று கொடுக்கிறாள். கொஞ்சம் கருகிய, இதய வடிவ பிஸ்கட்டுகள்.

அந்த பிஸ்கட்டில் நின்று நிதானியுங்கள். வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் இன்னொரு கோப்பை நீட்டும் மேலாளரிடம் முடியாது என்று சொல்ல நம்மில் பலருக்கு நாக்கு எழாது. எழுந்தால், கோபமும் சேர்ந்தே வெளியே வரும். மறுப்பதென்றால் சண்டை என்றுதான் நமக்குப் பழக்கம். பிப்பி மறுக்கிறாள். எதிராளியை வெறுக்கவில்லை, அவமானப்படுத்தவும் இல்லை. பள்ளிக்கூட அத்தியாயத்திலும் இதே குணம். டீச்சர் கணக்குக் கேட்டால், உங்களுக்கே தெரியாததை நான் ஏன் போட்டுத்தர வேண்டும் என்கிற மாதிரி பதில் சொல்கிறவள், தன்னால் டீச்சர் வருத்தப்பட்டார் என்று தெரிந்ததும் கண்கலங்கி நிற்கிறாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்கவும் தெரியும்.

மூன்றாவது புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ரோசன்புளூம் என்ற பணக்காரச் சீமாட்டி பள்ளிக்கு வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னவர்களுக்குப் பரிசு. தவறியவர்கள் எல்லார் கண்ணுக்கும் படும்படி ஓரமாக நிற்க வேண்டும். பிப்பி அந்த ஓரத்து வரிசைக்கே போய், அந்தப் பிள்ளைகளுக்கென்று தானே ஒரு போட்டி நடத்தி, தங்கக் காசு கொடுத்து அனுப்புகிறாள். வகுப்பறை வாசலில் முட்டி போட்ட அனுபவம் உள்ள எவரும் இந்த அத்தியாயத்தைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. சீமாட்டியை அவள் தூக்கி எறிவதில்லை என்பதைக் கவனியுங்கள். அவமானத்தின் வரிசையையே விளையாட்டாக மாற்றிவிடுகிறாள்.

இனி பக்கத்து வீட்டு அன்னிகாவைப் பாருங்கள். நாம் பிப்பி ஆக முடியாது. நமக்குப் பெட்டி நிறையத் தங்கம் கிடையாது. நாம் அன்னிகா, உடை கசங்காமல் பார்த்துக்கொள்ளும், சொன்னபடி கேட்கும் பிள்ளை. முதல் புத்தகத்தில் பொந்துள்ள ஓக் மரத்துக்குள் இறங்கத் தயங்குகிறாள் அவள். பிப்பி ஏணி கொண்டுவந்து வைக்கிறாள், அண்ணன் டாமி முதலில் இறங்குகிறான், பிறகுதான் இவள். அதே பெண் மூன்றாவது புத்தகத்தில் தென்கடலுக்குக் கப்பல் ஏறுகிறாள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை வரும் வழிகளில் ஒன்றாக, நம்மைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பதைச் சொன்னார். பிப்பி நம்மைப் போன்றவள் இல்லை. அன்னிகா நம்மைப் போன்றவள். இந்தக் கதைகள் உள்ளே வேலை செய்வது அவள் வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

இதை எழுதிய ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேனையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். 1941-இல் நோயில் படுத்திருந்த மகள் கேட்டதால் பிறந்த கதை இது. முதலில் அனுப்பிய பதிப்பகம் திருப்பி அனுப்பியது. 1945-இல் வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. லிண்ட்கிரேன் 19 வயதில் மணமாகாமல் தாயானவர். குழந்தையின் தகப்பன் மணக்கக் கேட்டும் மறுத்தவர். 1978-இல் ஜெர்மன் புத்தக வணிகத்தின் அமைதிப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளை அடிக்காதீர்கள் என்ற அவரது உரையை முன்கூட்டிப் படித்த ஏற்பாட்டாளர்கள், பேசாமல் பரிசை மட்டும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பேச விடாவிட்டால் வரவே மாட்டேன் என்றார். பேசினார். மறு வருஷம் ஸ்வீடன் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. உலகிலேயே முதல் நாடு அதுதான்.

ரசிப்பது என்றால் உறுத்துவதையும் பார்க்க வேண்டும். கடலில் தொலைந்துபோன பிப்பியின் அப்பா, பின்னால் ஒரு தீவில் கறுப்பின மக்களின் அரசனாக வருகிறார். அங்கே வந்த இழிசொல்லை 2015-ஆம் ஆண்டு ஸ்வீடிஷ் பதிப்பில் மாற்றினார்கள். சொல் மாறினாலும், தீவுக் குழந்தைகள் வெள்ளைத் தோலைக் கண்டு மண்டியிடும் காட்சி கதையில் இருக்கிறது. நம் நிறத்துப் பிள்ளை அதைப் படிக்கையில் தன்னை எந்தப் பக்கம் வைத்துப் பார்க்கும்? அந்தப் பக்கங்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பிள்ளையோடு சேர்ந்து நின்று, இது தப்பு என்று சொல்லுங்கள். எழுதியவரையே மறுத்துப் பேசலாம் என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

வீட்டில் குழந்தை இருந்தால் வாய்விட்டு வாசியுங்கள், பிறகு நடித்துப் பாருங்கள். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நாலு வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். தங்களை பேட்மேனாகப் பாவித்துக்கொண்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிக நேரம் விடாமல் செய்தார்கள். எனவே பிப்பி வேஷத்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். பிடிக்க வரும் போலீஸ்காரராக நீங்கள் இருங்கள். வரமாட்டேன் என்று அது சொல்லும்போது நிஜமாகவே தோற்றுப்போங்கள்.