ஏற்றத்தில் தெரியும் முகம்

சைக்கிள் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. வெயிலில் ஒரு மணி நேரம் சாலையோரம் நிற்கிறோம். தூரத்தில் விசில் சத்தம், பிறகு ஐம்பது சக்கரங்களின் இரைச்சல், முகத்தில் ஒரு காற்று. அவ்வளவுதான், எல்லோரும் போய்விட்டார்கள். யாருடைய முகமும் மனதில் பதிவதில்லை. மலைச்சாலையில் நடக்கும் டைம் டிரையல் இந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறது. அங்கே ஒவ்வொருவராகத்தான் வருகிறார்கள். செங்குத்தான இடத்தில் மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் போனாலே பெரிது. வளைவு ஒன்றில் நாம் நின்றுகொண்டால், கீழே தலை தெரிவதிலிருந்து மேலே முதுகு மறைவது வரை ஒரு வீராங்கனை முழு அரை நிமிடம் நம் கண்முன் இருப்பார். அந்த அரை நிமிடத்தில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. அதிலும் வாரம் முழுக்க அலுவலகமும் பள்ளிக்கூடமும் வீடும் பார்த்துவிட்டு, ஆசைக்காகப் பந்தயத்துக்கு வரும் பெண்களின் ஏற்றம் நிதானமாக நின்று ரசிக்க வேண்டிய ஒன்று.

டைம் டிரையலின் விதி எளிது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இடைவெளி விட்டு ஒவ்வொருவரையும் தனியாக அனுப்புவார்கள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றை ஏமாற்றக் கூடாது. யார் குறைந்த நேரத்தில் போய்ச் சேர்கிறாரோ அவருக்கே வெற்றி. பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களுக்கு இந்த ஒழுங்கு புதிதாகத் தோன்றாது. அங்கே இறால் நன்றாகப் படும் நீர்ப்பரப்பு கொஞ்சம், வலை போடுகிறவர்கள் நிறைய. எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் சண்டைதான் மிஞ்சும் என்பதால் தலைக்கட்டுக் கணக்கு வைத்து முறை போட்டிருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறை வந்த அன்று அந்த நீர் அவருடையது. குறுக்கே யாரும் வரமாட்டார்கள். கிடைப்பது அவரவர் கைத்திறன். டைம் டிரையலும் பாடுதான். முறை வந்ததும் மலை முழுவதும் ஒருவருக்கென்று விடப்படுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. பாடு முறையின் தலைக்கட்டில் பெயர் ஏறுவது ஆண்களுக்கு மட்டும்தான். சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களும், மீன் விற்கும் பெண்களும் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் கடிகாரத்தோடு நிற்பவரின் பட்டியலில் பெண்ணுக்கும் ஒரு முறை உண்டு.

தமிழ்நாட்டில் இதைப் பார்க்க ஏற்ற இடம் நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் இந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் ஏற வேண்டும். 2008-இல் தொடங்கி டிசம்பர் மாதங்களில் நடந்துவரும் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' பயணத்தில் அமெச்சூர்களை நேரம் குறித்து ஏறவிடும் பகுதியாக இந்தக் கல்லட்டி புகழ்பெற்றது. பெண்களுக்குத் தனிப்பிரிவு உண்டு. சென்னைக்காரர்கள் பழகுவதற்கு ஏலகிரி இருக்கிறது. அங்கே 14 வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு பெயர்ப்பலகையாகக் கடந்து போவது தமிழ்நாட்டுச் சைக்கிள்காரர்களுக்கு மட்டும் வாய்த்த பாக்கியம்.

சமதளத்தில் மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும். அதனால்தான் சமதள டைம் டிரையலில் வால்நீண்ட ஹெல்மெட், கண்ணை மூடும் கண்ணாடி, ஹேண்டில்பார்மேல் படுத்த உடம்பு என்று ஆளே ஒளிந்துபோகிறார். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதால் காற்று பொருட்டே இல்லை. எடை ஒன்றுதான் பகை. 55 கிலோ எடையுள்ள பெண் 9 கிலோ சைக்கிளோடு 1,000 மீட்டர் ஏறினால், அந்த உயரத்துக்கு மட்டுமே ஏறக்குறைய 630 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். உடம்பு எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேரும் என்பதால், உள்ளே 600 கலோரிக்கு மேல் எரிந்தாக வேண்டும். இந்தக் கணக்கின் அழகான விளைவு ஒன்று உண்டு. ஒளிந்துகொள்ளத் தேவையில்லாததால் ஏற்றத்தில் வீராங்கனை நிமிர்ந்து உட்காருகிறார். முகம் தெரிகிறது.

முதல் நயம் புறப்பாட்டிலேயே இருக்கிறது. எண்ணி முடித்துக் கை காட்டியதும் கால்களில் புது ரத்தம் பாயும். அன்றைக்கு மலை தாழ்ந்திருப்பதுபோலத் தோன்றும். பழக்கமில்லாதவர் அந்த மயக்கத்தில் பாய்ந்துவிட்டு நான்காவது வளைவிலேயே கடன்காரராகிவிடுவார். தேர்ந்தவர் தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்கிறார். முதல் ஐந்து நிமிடம் அவர் வேண்டுமென்றே தன் பலத்துக்குக் குறைவாக மிதிப்பதைப் பார்க்க வேண்டும். கூட்டம் கை தட்டுகிறது, பின்னால் புறப்பட்டவர் நெருங்குகிறார், ஆனாலும் அவர் மசிவதில்லை. செய்ய முடிந்த ஒன்றைச் செய்யாமல் வைத்திருக்கும் அந்த அடக்கம்தான் இந்தப் பந்தயத்தின் உயிர் என்பேன்.

அடுத்தது கியர் மாற்றும் நேர்த்தி. ஏற்றம் கடித்த பிறகு கியரை இறக்கினால் செயின் 'கடக்' என்று அலறும், ஒரு மிதி வீணாகும். நன்றாக ஓட்டுகிறவர் சாலை எழும்புவதற்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னாலேயே கையை வைத்துவிடுகிறார். செயின் பல் மாறும் அந்த நொடியில் காலின் அழுத்தத்தை லேசாகத் தளர்த்திப் பிறகு ஊன்றுகிறார். சத்தமே வராது. சீட்டிலிருந்து எழுந்து நிற்கப் போகும்போது ஒரு கியர் கனமாக்கிக்கொள்வார். இல்லாவிட்டால் எழும் வேகத்தில் கால் வெற்றாகச் சுழன்று சைக்கிள் பின்னுக்கு இழுபடும். உட்காரும்போது மறுபடி இலகுவாக்குவார். விரலின் ஓர் அசைவுதான். தெரிந்தவர் கண்ணுக்கு அது விருந்து.

வளைவுகளில் இன்னொரு முடிவு காத்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவின் உட்பக்கம் தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. வெளிப்பக்கம் சாய்வு தணிந்து கொஞ்சம் இளைப்பாறலாம், ஆனால் தூரம் கூடும். கால் புதிதாக இருக்கும் ஐந்தாம் வளைவில் உள்ளே வெட்டிப் போன அதே பெண், முப்பதாம் வளைவில் அகலமாகச் சுற்றிக்கொண்டு போவார். அவருடைய அன்றைய உடம்பின் கணக்கு முழுவதும் அந்த ஒரு கோட்டில் எழுதியிருக்கும். வளைவு திரும்பியதும் சாலை ஒரு கணம் தளரும் இடத்தில் பலர் மூச்சு விட்டுக்கொள்வார்கள். வெற்றி பெறுகிறவர்களோ பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இரண்டு மிதி கூடுதலாகப் போடுவார்கள். எல்லோரும் ஓய்வெடுக்கும் இடத்தில் எடுத்த ஒரு நொடி, எல்லோரும் திணறும் இடத்தில் எடுத்த ஒரு நொடியைவிட மலிவு.

கைகளைப் பாருங்கள். திணறுகிறவரின் கைகள் ஹேண்டில்பாரை நெரிக்கும். தோள் காதுவரை ஏறிவிடும். தேர்ந்தவரின் விரல்கள் விரிந்து மேலே சும்மா கிடக்கும். தாடை தளர்ந்திருக்கும். ஏறுவது காலின் வேலை. அதற்கு உதவாத தசைக்கு ஒரு துளி ரத்தமும் செலவழிக்கக் கூடாது என்று உடம்புக்கே கற்றுக்கொடுத்திருக்கிறார். 2,000 மீட்டரைத் தாண்டும்போது மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அங்கே மூச்சும் மிதியும் ஒரு தாளத்தில் வந்து சேர்ந்திருப்பதைக் காதால் கேட்கலாம். அந்தத் தாளம் கெடாமல் 36-ஆவது வளைவு வரை கொண்டுபோவதற்குப் பல மாதங்களின் விடியற்காலைகளைக் கொடுத்திருப்பார்.

ஒருவரை ஒருவர் எட்டிப்பிடிக்கும் கணம் இந்தப் பந்தயத்தில் மிக மென்மையானது. முந்துகிறவர் விலகி, இடம் விட்டு, நிழல்கூடப் படாமல் கடந்து போக வேண்டும். இந்தக் கணத்துக்கு உலகம் மறக்காத உதாரணம் இங்கிலாந்தின் பெரில் பர்ட்டன். யார்க்‌ஷயரில் பண்ணை வேலை பார்த்துக்கொண்டு, கடைசிவரை அமெச்சூராகவே ஓட்டியவர். 1967-இல் 12 மணி நேர டைம் டிரையலில், ஆண்கள் பிரிவில் முன்னணியில் இருந்த மைக் மெக்னமாராவைப் பின்னாலிருந்து வந்து பிடித்தார். கடக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஓர் அதிமதுர மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். அன்று பர்ட்டன் ஓட்டிய தூரம் 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீட்டர். மெக்னமாரா அன்றைக்கு ஆண்களுக்கான சாதனையையே முறியடித்தார், ஆனாலும் பர்ட்டன் அவருக்கு முன்னால் இருந்தார். பெண்களுக்கான அந்தச் சாதனை 2017 வரை, ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது. அந்த மிட்டாயைச் சிலர் குறும்பு என்று சொல்வார்கள். பல மணி நேரம் தனியாக மிதித்த ஒருவருக்குத்தான் இன்னொருவரின் தனிமை புரியும். எனக்கு அது தோழமையாகவே படுகிறது.

நொடியின் மதிப்பையும் இந்தப் பந்தயம்தான் கற்றுத்தருகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான டைம் டிரையல் இரண்டு மலையேற்றங்களோடு மழையில் நடந்தது. அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் 44 நிமிடம் 26.42 நொடியில் முடித்துத் தொடர்ந்து மூன்றாவது முறையாகத் தங்கம் வென்றார். மறுநாள் அவருக்கு 43 வயது. பயிற்சியோடு மருத்துவமனை ஒன்றில் வேலையும் பார்த்துவந்த தாய் அவர். இரண்டாமிடம் பெற்ற ரஷ்யாவின் ஓல்கா ஸபெலின்ஸ்கயாவுக்கும் அவருக்கும் இடைவெளி 5.55 நொடி, மொத்த நேரத்தில் 480-இல் ஒரு பங்கு. ஒரு வளைவில் சத்தமில்லாமல் மாறிய கியர், ஒரு சரிவில் தொடாமல் விட்ட பிரேக், இப்படிச் சில்லறையாகச் சேர்ந்த நொடிகள் அவை.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களின் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் ஒரு கணித ஆய்வாளர். அப்போது அவருக்குத் தொழில்முறை அணியின் ஒப்பந்தம் இருக்கவில்லை. புறப்பட்ட உடனேயே சிலரோடு முன்னேறி, பின்பு அவர்களையும் விட்டுத் தனியே போய், 137 கிலோமீட்டர் பந்தயத்தை 75 நொடி முன்னிலையில் முடித்தார். தன் நாட்டில் அவர் அப்போது டைம் டிரையல் சாம்பியனாக இருந்தார். தனியாக, தன் மூச்சைத் தானே கணக்கு வைத்து ஓட்டும் பழக்கம்தான் அன்று கைகொடுத்தது. அமெச்சூர் என்றால் அரைகுறை என்று நினைப்பவர்கள் இவரையும், பர்ட்டனையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மலை இல்லாத ஊரில் இதற்கெல்லாம் இடமுண்டா? பழவேற்காட்டில் மேடு என்று சொன்னால், ஏரியைக் கடந்து கடலோரக் குப்பங்களுக்குப் போகும் பாலம்தான். ஆனால் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு மார்கழியில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தச் சாலை சமதளம் என்று தோன்றாது. அது வடகிழக்கு நோக்கிப் போகிறது, வாடைக்காற்று நேர் எதிரே வருகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறக்கூடியது. மலைக்காவது உச்சி என்று ஒன்று உண்டு, எதிர்க்காற்றுக்கு அதுவும் இல்லை. அரசு கொடுத்த சைக்கிளில், முதுகில் பையோடு, ஹேண்டில்பார்மேல் தலையைத் தாழ்த்திப் பள்ளிக்கூடம் போய்வரும் மீனவக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் அந்தக் காற்றிடம் பாடம் படித்தவர்கள். பலத்தைப் பிரித்துச் செலவழிக்க, மூச்சை மிதியோடு சேர்க்க, தோளைத் தளர்த்த அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெண்களும் சைக்கிளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. சுமார் 18 மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். பழகியதைக் காட்ட ஊர் ஊராகப் போட்டிகளும் நடந்தன. அந்தப் போட்டிகளில் பெயர் கூப்பிட்டதும் முன்னால் வந்து சீட்டில் ஏறிய ஒவ்வொரு பெண்ணும் தன் முறையை எடுத்துக்கொண்டார்.

அந்த முறை பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். அதற்குக் கார்பன் சைக்கிளோ ஸ்பான்சரோ தேவையில்லை. பொன்னேரிச் சாலையிலிருந்து பாலம் வரை மிதிக்க, போக்குவரத்து குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, தரையில் ஒரு சுண்ணாம்புக்கோடு, இரண்டு கடிகாரங்கள், பெயர் எழுத ஒரு நோட்டுப் புத்தகம். இவை போதும். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புங்கள். முதலில் வந்தவருக்கு எழுதுவதுபோலவே கடைசியாக வந்தவருக்கும் நிமிடம், நொடி பிசகாமல் நேரத்தை எழுதிக் கையில் கொடுங்கள். அடுத்த ஞாயிறு அவர் முந்த வேண்டியது அந்த எண்ணைத்தான். ஊரார் செய்ய வேண்டியது ஒன்றே. பாலத்தின் ஏற்றத்தில் போய் நின்று, வருகிற ஒவ்வொரு முகத்தையும் கண் கொண்டு பார்த்து, பெயர் சொல்லி உற்சாகப்படுத்துவது.