வேலை தேடிய வேதியியலார்

அறிவியல் மேதைகளின் வாழ்க்கை வரலாறுகளை நாம் நிறையப் படிக்கிறோம். புத்தகம் கட்டும் தொழில் பழகிய மைக்கேல் ஃபாரடே மின்னியலில் பெரும் பெயர் பெற்றதும், ஒழுகும் கொட்டகை ஒன்றில் கியூரி அம்மையார் ரேடியத்தைப் பிரித்தெடுத்ததும் பள்ளிப் பருவத்திலேயே நம் நெஞ்சில் பதிந்துவிட்ட செய்திகள். அவை ஊக்கம் தருபவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அவற்றைப் படித்து வளர்ந்து, வேதியியலில் பட்டமும் பெற்று, வேலைக்கு மனுப் போட்டுவிட்டுத் தபாலை எதிர்பார்த்திருக்கும் இளைஞனுக்கு அவை ஓர் உண்மையைச் சொல்வதில்லை. அறிவியல் படித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் எதையும் கண்டுபிடிப்பதில்லை. அவர்கள் வர்ணத் தொழிற்சாலையிலும், மருந்துக் கம்பெனியிலும், சோதனைக் கூடத்திலும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். அந்த வேலைக்கு என்ன பொருள்? அதில் மனநிறைவு கிடைக்குமா? இந்த வினாவுக்கு விடை தரும் நூல்கள் உலக மொழிகளிலேயே மிகச் சில.

அவற்றுள் தலையாயது, இத்தாலியரான பிரிமோ லெவி எழுதி 1975-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தனிம அட்டவணை’ என்னும் நூல். 1984-இல் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த பிறகு உலகெங்கும் புகழ் பெற்றது. 2006-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் நடத்திய ஒரு தேர்வில், அதுவரை எழுதப்பட்ட அறிவியல் நூல்களுள் மிகச் சிறந்தது இதுவே என்று முடிவாயிற்று. ஃபாரடே பணிபுரிந்த அதே நிறுவனம் ஒரு வர்ணத் தொழிற்சாலை வேதியியலாரின் நூலுக்கு இந்தச் சிறப்பை அளித்தது பொருத்தமே. ஆயினும், புகழை ஒருபுறம் வைத்துவிட்டு, வேலை தேடும் ஓர் இளைஞனின் கண்கொண்டு இந்நூலைப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டம் உண்டு, வேலை இல்லை

நூலில் 21 அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். ஆனால் இது தனிமங்களின் பண்புகளைக் கூறும் பாடநூல் அன்று. ஆசிரியர் தம் வாழ்நாளில் எந்தெந்தத் தனிமத்தோடு மல்லுக்கட்ட நேர்ந்ததோ அந்த அனுபவமே பெரும்பாலான அத்தியாயங்கள்.

லெவி 1919-இல் டூரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-இல் முசோலினியின் அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்தபோது அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். முன்பே சேர்ந்தவர்கள் படிப்பை முடிக்கலாம் என்ற விதிவிலக்கால் 1941-இல் உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார். ஆனால் பட்டச் சான்றிதழிலேயே அவர் யூத இனத்தவர் என்று குறிக்கப்பட்டிருந்தது. வீட்டில் தந்தை மரணப் படுக்கையில் கிடந்தார், கையில் பணமில்லை, எந்தக் கதவும் திறக்கவில்லை. இந்த நிலையில் ஒரு கல்நார்ச் சுரங்கத்தில், தம் சொந்தப் பெயரையே மறைத்துக்கொண்டு, ஒரு வேலையில் சேர்ந்தார். பாறையில் சுமார் 0.2 சதவீதமே இருந்த நிக்கலைப் பிரித்தெடுக்க வழி காண்பதே அவருக்கு இடப்பட்ட பணி.

அடுத்து 1942-இல் மிலான் நகரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. தாவரங்களிலுள்ள பாஸ்பரசைக் கொண்டு நீரிழிவைக் குணப்படுத்தலாம் என்பது மேலதிகாரியின் நம்பிக்கை. அது ஆகாத காரியம் என்று இளம் வேதியியலாருக்குத் தெரியும். ஆயினும் சம்பளம் வாங்குகிறவர் செடிகளை அரைத்துச் சாம்பலாக்கிப் பாஸ்பரசை அளந்துகொண்டுதான் இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது, பயனற்றது என்று தெரிந்தும் ஏதோ ஒரு கோப்பை நிரப்பிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேரின் முகம் நினைவுக்கு வருகிறதல்லவா?

1943 டிசம்பரில் லெவி கைது செய்யப்பட்டார். 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கைதியாக ஒரு வேதியியல் தேர்வு எழுதி, செயற்கை ரப்பர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்றார். கடுங்குளிரில் வெளியே மண் சுமக்காமல் கூரையின் கீழ் இருக்க முடிந்தது அவர் உயிர் தப்பியதற்கு ஒரு காரணம். வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம். உயிரையே பந்தயமாக வைத்த நேர்முகத் தேர்வு இது ஒன்றுதான்.

ஒற்றை எழுத்து செய்த கோளாறு

விடுதலை பெற்று ஊர் திரும்பிய லெவி, 1946-இல் ஒரு வர்ணத் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். ‘குரோமியம்’ என்ற அத்தியாயம் அங்கே நடந்ததைக் கூறுகிறது. நூலின் சிறப்பை ஒரே இடத்தில் காண விரும்புவோர் இதனைப் படித்தால் போதும்.

தொழிற்சாலையின் முற்றத்தில் கெட்டுப்போன வர்ணம் கட்டிகட்டியாகக் குவிந்து கிடந்தது. துருப்பிடிக்காமல் காப்பதற்கான அந்த வர்ணம், போர்க்காலத்தில் ஈரல் போல் இறுகிவிட்டிருந்தது. காரணம் என்ன? லெவி பழைய சோதனைக் குறிப்புகளைப் புரட்டினார். குரோமேட்டில் குரோமியம் ஆக்சைடு 28 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு செய்த சோதனைகள் அனைத்திலும் 29.5 சதவீதம் என்ற ஒரே எண்! கூடாமல் குறையாமல் எப்போதும் ஒரே விடை வந்தால் அந்தச் சோதனையையே சந்தேகிக்க வேண்டும் அன்றோ? மேலும் தேடியபோது உண்மை வெளிப்பட்டது. சோதனைமுறையைச் சொல்லும் அட்டையில் ஒரு வினைபொருளை ‘23 சொட்டு’ விடும்படி எழுதியிருந்தது. இன்னும் பழைய அட்டையிலோ ‘2 அல்லது 3 சொட்டு’ என்றிருந்தது. ‘அல்லது’ என்பதற்கு இத்தாலிய மொழியில் ஒற்றை எழுத்துதான். அது பாதி அழிந்துபோயிருந்தது. படியெடுத்தவர் அதனை விட்டுவிட்டார். வினைபொருள் அளவுக்கு மீறியதால் தகுதியற்ற குரோமேட்டும் தேறிவிட்டது. அதில் மிகுந்திருந்த ஈய ஆக்சைடு வர்ணத்தின் பிசினோடு வினைபுரிந்து இறுகச் செய்துவிட்டது.

நோய் தெரிந்தபின் மருந்து எளிது. அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் நவச்சாரம், மிகுதியான ஈய ஆக்சைடைக் கட்டிப்போட்டது. கட்டிகள் மீண்டும் வர்ணமாயின. கதையின் சுவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. கெட்ட குரோமேட் தீர்ந்துபோன பிறகும் அந்தத் தொழிற்சாலையில் ஆண்டாண்டு காலமாக நவச்சாரம் சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏன் சேர்க்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. எழுதி வைத்திருக்கிறது, அதனால் சேர்க்கிறோம் என்பதே விடை. அலுவலகமோ ஆலையோ, எங்கு வேலை செய்தவரும் இதைப் படித்துச் சிரிக்காமலிருக்க முடியாது. சிரித்தபின் சற்றுச் சிந்திக்காமலும் இருக்க முடியாது.

இந்த வேலையில் நோபல் பரிசு கிடைக்காது. ஆனால் ஒரு பிழையைத் தேடிப் பிடித்த இன்பம் இருக்கிறது. கண்டுபிடிப்பின் இன்பம் மேதைகளுக்கு மட்டும் உரியதன்று என்று இந்நூல் காட்டுகிறது.

தோல்வியையும் மறைக்கவில்லை

அதே நேரத்தில் ஆசிரியர் ஆசை வார்த்தை காட்டுவதில்லை. 1947-இல் அவர் வேலையை உதறிவிட்டு நண்பருடன் சேர்ந்து சொந்தமாக ஆய்வுக்கூடம் தொடங்கினார். உதட்டுச் சாயத்துக்கு வேண்டிய அலாக்சன் என்னும் பொருளை யூரிக் அமிலத்திலிருந்து தயாரிப்பதாகத் திட்டம். யூரிக் அமிலம் பறவை எச்சத்தில் உண்டு. எனவே புது மனைவியுடன் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று கோழி எச்சம் சேகரித்தார். அலாக்சன் கிடைக்கவில்லை, நாற்றமே மிஞ்சியது. பிறகு வெள்ளீயத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, முகம் பார்க்கும் கண்ணாடி செய்வோருக்கு ஸ்டானஸ் குளோரைடு விற்றார்கள். அமில ஆவியில் வீட்டிலிருந்த ஆணிகளெல்லாம் துருப்பிடித்ததுதான் கண்ட பலன். ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டு லெவி மீண்டும் சம்பள வேலைக்குத் திரும்பினார். சொந்தத் தொழிலே சுதந்திரம் என்று நினைப்பவர்கள் இந்த இரு அத்தியாயங்களையும் படிப்பது நல்லது.

பின்னர் வேறொரு வார்னிஷ் தொழிற்சாலையில் சேர்ந்து சுமார் 30 ஆண்டுகள் பணியாற்றி, அதன் தலைமை நிர்வாகியாகவும் உயர்ந்தார். பகலில் ஆலை, மாலையில் எழுத்து. 1977-இல்தான் தொழிற்சாலைத் தொடர்பை முற்றிலும் விட்டு முழுநேர எழுத்தாளரானார். வேலையை மாற்றிக்கொள்வது என்றால் ஒரே நாளில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவுவது என்று நாம் எண்ணுகிறோம். இவருக்கோ முதல் தொழிலே இரண்டாவது தொழிலுக்குப் பொருளும் நடையும் தந்தது. தேவையற்ற சொல் இல்லாத, அளந்து எழுதிய உரைநடை ஆய்வுக்கூட அறிக்கையில் பழகியதே.

இரு குறைகள்

இத்தனை நல்ல நூலிலும் குறை காண வேண்டுமா? காணத்தான் வேண்டும், ஏனெனில் அக்குறைகள் நம் வினாவோடு நேரே தொடர்புடையவை.

முதலாவது, கல்நார்ச் சுரங்கம். எங்கும் படிந்திருந்த நுண்ணிய தூசியை ஆசிரியர் அழகாக வருணிக்கிறார். தாம் பிரித்தெடுக்கும் நிக்கல் பீரங்கிக் குண்டுகளாகக் கூடும் என்பதைப் பின்னர் உணர்ந்து வருந்தவும் செய்கிறார். ஆனால் அந்தத் தூசியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளரிடம் அவருடைய கவனம் தங்கவில்லை. கல்நார் இழைகள் நுரையீரலைக் கெடுப்பவை, புற்றுநோய் விளைவிப்பவை என்பது 1975-இல் மருத்துவ உலகுக்குப் புதிய செய்தி அன்று. டூரினுக்கு அருகிலுள்ள பாலாஞ்சேரோ என்ற அச்சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது. 1992-இல் இத்தாலி கல்நாரையே தடை செய்தது. சிக்கலைத் தீர்க்கும் இன்பத்தில் ஈடுபட்ட மனம் பக்கத்தில் நிற்பவரைக் காணாமல் போகலாம். இது லெவி ஒருவரின் குறை மட்டுமன்று. அறிவியல் படித்த நம் எல்லோருக்கும் உள்ள ஆபத்து.

இரண்டாவது, வேலையை நேசிப்பதே மனிதனுக்கு எட்டக்கூடிய இன்பங்களுள் உயர்ந்தது என்ற அவரது கொள்கை. ‘தனிம அட்டவணை’யில் இலைமறை காயாக இருக்கும் இக்கருத்து, 1978-இல் அவர் எழுதிய ஸ்பானரைப் பெயராகக் கொண்ட நாவலில் வெளிப்படையாகவே வருகிறது. உலகமெங்கும் சென்று பாலங்களையும் பாரந்தூக்கிகளையும் பொருத்தும் ஃபௌஸ்ஸோனே என்ற தொழிலாளிதான் அதன் நாயகன். 1979-இல் இத்தாலியின் ஸ்த்ரேகா பரிசு அதற்குக் கிடைத்தது. நாள் முழுவதும் ஒரே திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு இது பொருந்துமா என்று இடதுசாரித் திறனாய்வாளர்கள் அப்போதே கேட்டனர். கேள்வி நியாயமானது. லெவி அறியாததும் அன்று. உழைப்பு விடுதலை தரும் என்று வாயிலில் எழுதி வைத்த முகாமிலிருந்து மீண்டவர் அவர். அங்கே தமக்கு உணவளித்துக் காப்பாற்றிய லொரென்சோ என்ற கொத்தனார், ஜெர்மானியரை வெறுத்தபோதும் அவர்களுக்காகக் கட்டிய சுவரைக் கோணாமல் கட்டினார் என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அது தன்மானமா, எதிரிக்குச் செய்த உதவியா? இரண்டுமே என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் விடைக்கான குறிப்பு நூலுக்குள்ளேயே இருக்கிறது. ‘கந்தகம்’ என்ற அத்தியாயத்தில் லான்சா என்ற தொழிலாளி இரவு நேரத்தில் கொதிகலனைத் தனியே கவனித்துக்கொண்டிருக்கிறார். வெப்பமானி மளமளவென்று ஏறுகிறது. கேட்க ஆளில்லை. அவரே யோசித்து, அவரே முடிவு செய்து, விபத்தைத் தவிர்க்கிறார். அந்த வேலையில் அவருக்குக் கிடைத்த பெருமிதம் உண்மையானது. ஏன்? அந்த ஒரு கணத்தில் முடிவு அவர் கையில் இருந்தது. லெவியின் இன்பமும், ஃபௌஸ்ஸோனேயின் இன்பமும் இத்தகையவையே. மிலானில் பாஸ்பரசை அளந்த லெவிக்கு அது கிடைக்கவில்லை. ஏனெனில் அங்கே முடிவு வேறொருவர் கையில் இருந்தது. எனவே வேலையை நேசி என்று தொழிலாளிக்கு உபதேசிப்பதோடு நின்றுவிடக் கூடாது. நேசிக்கத்தக்க வேலையாக அது இருக்கிறதா, சிந்திக்கவும் தவறைச் சுட்டவும் அதில் இடமுண்டா என்று வேலை தருபவரையும் கேட்க வேண்டும். லெவி இந்த இரண்டாம் பாதியை எழுதவில்லை. அதற்கான சான்றுகளை மட்டும் நேர்மையாகத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் 1987-இல் காலமானார். ‘தனிம அட்டவணை’யை வேதியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும், அதிலும் பட்டம் பெற்று இன்னும் வேலை கிடைக்காதவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். வேலை வாங்கித் தரும் வழி எதுவும் அதில் இல்லை. ஆனால் நாளை ஒரு வேலை கிடைத்து, ஏனென்று தெரியாமல் எதையோ நவச்சாரம் போலச் சேர்த்துக்கொண்டிருக்க நேர்ந்தால், பழைய அட்டையைத் தேடிப் பார்க்கும் துணிவை அது தரும். அந்தத் துணிவில்தான் வேலையின் பொருள் தொடங்குகிறது.