தேரி மணலில் ரயில் தேடுவது எப்படி?

இல்லாத ரயிலைத் தேடிப் போகிறவர் முதலில் ஓடுகிற ரயிலில் ஏற வேண்டும். திருநெல்வேலிச் சந்திப்பில் திருச்செந்தூர் வண்டியைப் பிடித்து இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். சந்திப்பை விட்டதும் வண்டி தாமிரபரணியைக் கடக்கிறது. அப்புறம் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தென்கரையோடே இறங்குகிறது. வயலும் வாழையும் கூடவே வரும். நாசரேத்தும் குரும்பூரும் தாண்டி ஆறுமுகநேரி வந்தால் உப்பளங்கள். 1923-இல் மீட்டர் கேஜில் போட்டு, பின்னாளில் அகலப்பாதையாக மாற்றிய 61 கிலோமீட்டர் இது.

இந்தப் பயணத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரயில் எப்படித் திரும்புகிறது? சாலை ஒரு கோயிலைக் கண்டால் ஒடிந்து வளையும், ஒரு வீட்டுக்காக விலகும், மேட்டில் ஏறி இறங்கும். ரயிலால் அப்படி முடியாது. அது அரை மைல் முன்னாலேயே யோசித்து மெதுவாக வளைய வேண்டும். பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரவிக்கொண்டு, மேட்டை வெட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த நடை கண்ணில் பதிந்துவிட்டால், தண்டவாளம் இல்லாத இடத்திலும் ரயில் போன தடத்தை உங்களால் பார்க்க முடியும்.

இனி திருச்செந்தூரில் இறங்கித் தெற்கே திரும்புவோம். அங்கேதான் நாம் தேடும் ரயில் இருந்தது.

திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், திசையன்விளை. இந்த மூன்று ஊர்களையும் கோர்த்து, 1915 வாக்கிலிருந்து 1940 வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே என்று அதற்குப் பெயர். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டே அடி. டார்ஜிலிங் மலை ரயிலுக்கு உள்ள அதே அகலம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்ட இந்தப் பாதையை நடத்தியது அரசாங்கமும் அல்ல, தென்னிந்திய ரயில்வேயும் அல்ல; சென்னையின் பாரி கம்பெனி. ஒரு வணிக நிறுவனம் இந்த மணல் காட்டில் ஏன் ரயில் விட வேண்டும்? இந்தப் பாதையை ரசிக்கத் தொடங்கும் இடம் அந்தக் கேள்விதான்.

பதில் பனையில் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனம் எட்டாத இந்தத் தென்பகுதி முழுக்கத் தேரி: சிவந்த மணல் மேடுகள், உடை மரம், பனை. நெல்லுக்கு நஞ்சை என்றால் இங்கே பனைக்கு விளை. அதனால்தான் வழியெல்லாம் ஊர்ப் பெயர்கள் ‘விளை’ என்று முடிகின்றன. பனையேறி இறக்கிய பதநீரை விடிலி என்னும் ஓலைக் குடிசையில் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அந்தக் கருப்பட்டியை வாங்கிச் சுத்திகரித்து வெள்ளைச் சர்க்கரையாக்க, பாரி கம்பெனியைச் சேர்ந்த கிழக்கிந்திய டிஸ்டிலரீஸ் அண்டு சுகர் ஃபாக்டரீஸ் குலசேகரன்பட்டினத்தில் ஆலை வைத்தது. ஆலைக்குக் கருப்பட்டி வந்து சேர வேண்டும். தேரி மணலில் பாரம் ஏற்றிய மாட்டு வண்டியின் சக்கரம் புதையும், மாடு இழுக்காது. தண்டவாளத்தின் மேல் போகும் சக்கரம் புதையாது. இரண்டடி அகலப் பாதைக்குச் செலவு குறைவு, நிலம் குறைவு, வளைவுகளும் குறுகலாக இருக்கலாம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் தேரியில் ரயில் ஓடியது ஆச்சரியமாகத் தெரியாது.

ஒரு கிளைப்பாதையை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினில் தொடங்குவார்கள். என்ன எஞ்சின், எத்தனை பெட்டி, எவ்வளவு வேகம் என்று கேட்பார்கள். எனக்கு அது பின்னால் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வியாகத்தான் படுகிறது. எதை ஏற்றிப் போனது, யாருடைய உழைப்பை ஏற்றிப் போனது என்று முதலில் கேட்டால் பாதையின் போக்கே விளங்கிவிடும். பதநீர்க் காலத்தில் பாரம் கூடியிருக்கும், மழைக் காலத்தில் குறைந்திருக்கும். எங்கே கருப்பட்டிச் சந்தை கூடியதோ அங்கே வண்டி நின்றிருக்கும். பக்கத்து ஊரான உடன்குடியின் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. நூறாண்டுக்கு முன்னால் இதே கருப்பட்டிக்காக ஒரு ரயிலே போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த மகிழ்ச்சி இன்னும் கூடியிருக்கும்.

அடுத்தது வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் பழைய ‘ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்’ வரைபடங்களைத் தேடுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. குலசேகரன்பட்டினமும் திருச்செந்தூரும் 78-ஆவது தீர்க்கரேகைக்குக் கிழக்கே, 58 எல் தொகுதியில் இருக்கின்றன. திசையன்விளை மேற்கே தள்ளி 58 எச் தொகுதியில் விழுகிறது. நம் குட்டி ரயில் இரண்டு தாள்களின் விளிம்பில் கிழிபட்டுக் கிடக்கிறது என்று சொல்லலாம். ஒரு தாளை மட்டும் வாங்கிவிட்டுப் பாதி வழியில் ரயில் மறைந்துபோயிற்றே என்று திகைக்க வேண்டாம். அச்சான ஆண்டையும் பாருங்கள். 1915-க்கு முந்தைய அளவையிலும் 1940-க்குப் பிந்தைய அளவையிலும் ரயில் இருக்காது. நடுவில் வந்த பதிப்புதான் நமக்கு வேண்டும். அதைக் கூகுள் எர்த்தின் இன்றைய படத்தோடு பக்கத்தில் வைத்து, சாலையின் இயல்புக்குப் பொருந்தாத மெதுவான வளைவு எங்கே தெரிகிறது என்று தேடுங்கள். வயல் வரப்புகளைக் குறுக்கே வெட்டிப் போகும் கோடு, இரு பக்கமும் நிலம் இருக்க நடுவே நாடா மாதிரி நீளும் புறம்போக்கு: இவையெல்லாம் குறிப்புகள்.

புறம்போக்கு என்றதும் கிராம நிர்வாக அலுவலகம் நினைவுக்கு வர வேண்டும். புலப்படமும் ‘அ’ பதிவேடும் ஆராய்ச்சிக்காரர்கள் அதிகம் தொடாத பொக்கிஷங்கள். பாதைக்கு நிலம் எடுத்திருந்தால், 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி சர்வே எண்ணோடு அறிவிப்பு வந்திருக்கும். அதை ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெசட்டில் தேடலாம். அந்த எண்களைப் புலப்படத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தால் பாதை தானாகவே எழுந்து வரும். இதற்கு நிறைய நாள் பிடிக்கும். ஆனால் இதற்கு இணையான சான்று வேறில்லை.

மற்ற ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஒவ்வொரு பாதையின் நீளத்தையும் திறந்த நாளையும் பதிவு செய்த ரயில்வே போர்டின் ஆண்டறிக்கைகள். நின்ற ஊர்களையும் நேரத்தையும் தேட நியூமனின் பிராட்ஷா கால அட்டவணை. பாரி கம்பெனியின் கதையை ஹில்டன் பிரவுன் எழுதிய 1954 நூல். பேட் தொகுத்த 1917 திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர். எதைத் தேடினாலும் ஊர்ப் பெயரைப் பல எழுத்தில் தேடுங்கள். வெள்ளைக்காரர் காகிதத்தில் திருநெல்வேலி ‘தின்னவேலி’, தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’. அவர்கள் குலசேகரன்பட்டினத்தை எப்படியெல்லாம் எழுதினார்கள் என்று ஒரு பட்டியலே போட்டு வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்ப் பக்கத்தை மறக்கவும் கூடாது. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டும்போது விளம்பரங்களையும் திருவிழா அறிவிப்புகளையும் விட்டுவிடாதீர்கள்; ரயில் நேரம் இப்படிப்பட்ட மூலைகளில்தான் ஒளிந்திருக்கும்.

இப்போது களத்துக்குப் போவோம். விடிந்ததும் போங்கள், இல்லை பொழுது சாயும்போது போங்கள். உச்சி வெயிலில் தேரி தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் அரையடி மேடுகூட நிழல் விழுத்திக் காட்டிக்கொடுக்கும். செம்மண்ணுக்கு நடுவே வெளியூர்க் கருங்கல் ஜல்லி சிதறிக் கிடந்தால் நின்று பாருங்கள். ஓடை குறுக்கிடும் இடங்களில் கல் கட்டிய குட்டிப் பாலம் எதுவும் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பழைய தண்டவாளம் வீணாய்ப் போனதே இல்லை; வீட்டு உத்தரமாகவும் வேலிக் கம்பமாகவும் கிணற்று ராட்டினம் தாங்கும் குறுக்குக் கட்டையாகவும் வாழ்ந்துகொண்டிருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் அதன் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள். செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் உருட்டும்போதே எழும்பியிருக்கும். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பெயர்த்து எடுத்துவர வேண்டாம். ஒரு எச்சரிக்கை: காற்று தேரியை நகர்த்திக்கொண்டே இருக்கும். சில இடங்களில் பாதை மணலுக்கு அடியில் போயிருக்கும், அங்கே எவ்வளவு தேடினாலும் தெரியாது.

மனிதர்களிடம் கேட்பது தனிக் கலை. 1940-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூற்றைந்து தாண்டியிருக்கும். ஆகவே ரயிலைப் பார்த்தவரைவிட, பார்த்தவரிடம் கேட்டவர்தான் கிடைப்பார். “இங்கே ரயில் ஓடியதா?” என்று கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ பேச்சு முடிந்துவிடும். “ஆச்சி, இந்த ஊர்ல ரயிலடின்னு எந்த இடத்தச் சொல்லுவாவ?” என்று கேளுங்கள். “ஒங்க ஐயா கருப்பட்டிய எங்கன கொண்டு போடுவாவ?” என்று கேளுங்கள். ரயிலை மறந்தவரும் கருப்பட்டிச் சிப்பம் போன வழியை மறந்திருக்க மாட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துக் கொடுக்காதீர்கள். மூன்று பேர் தனித்தனியாக ஒரே புளியமரத்தைக் காட்டினால், அதுதான் சான்று.

ஏன் நின்றது என்பதற்கு ஒரே காரணத்தைத் தேடுவது தவறு. 1912-இல் டி.வி.எஸ். பேருந்து விட்டார். இருபது ஆண்டுக்குள் நாடு முழுதும் பேருந்து ரயிலோடு மல்லுக்கட்டத் தொடங்கியது. இதை ஆராய 1932-இல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகளை அரசே நியமித்தது. வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளும் பேருந்தோடு குட்டி ரயில்கள் போட்டியிட முடியவில்லை. கரும்புச் சர்க்கரை பெருகியதும் பனைச் சர்க்கரைக்குக் கேடாயிற்று. பிறகு இரண்டாம் உலகப் போர்; அந்த ஆண்டுகளில் மொரப்பூர்ப் பக்கத்துக் குறுகிய பாதையும் மூடப்பட்டது. குலசேகரன்பட்டினம் ரயிலுக்குத் திருச்செந்தூரிலேயே இன்னொரு தடையும் இருந்தது. 1923-க்குப் பிறகு அங்கே மீட்டர் கேஜ் வந்தாலும் இரண்டடிப் பாதையின் வண்டி அதில் ஏற முடியாது. மூட்டையை இறக்கி, தலையில் சுமந்து, மறுபடி ஏற்ற வேண்டும். திருச்செந்தூரில் நிற்கும்போது அந்தச் சுமைகூலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டறிக்கையும் அவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை.

தள்ளிப்போடாமல் போங்கள். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. உடன்குடியில் அனல்மின் நிலையம். பொக்லைன் ஓட்டுகிறவருக்கு அரையடி மேடு ரயில் போன மேடென்று தெரியப் போவதில்லை. தசரா நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; முத்தாரம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் உங்கள் கேள்விக்கு நின்று பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. மாசி, பங்குனி நல்லது: புல் காய்ந்து நிலம் தெரியும், பதநீரும் கிடைக்கும். கையில் இரண்டு வரைபடத் தாள், பென்சில், தண்ணீர், குடை. ஊர் ஊராகக் குறித்து வந்ததை வீட்டில் பூட்டி வைக்காமல், ஒரு நகலைத் திசையன்விளையிலோ உடன்குடியிலோ உள்ள நூலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருகிறவர் நீங்கள் விட்ட ஓடையிலிருந்து தொடங்கிக்கொள்வார்.