லிதுவேனியாவில் கழுத்து வலிக்காதா?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற நான்குவழிச் சாலையில் புதுக்கோட்டை என்று ஒரு ஊர் வரும். மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டை இல்லை, இது எங்க பக்கத்துப் புதுக்கோட்டை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே சாலைத் தடுப்பைப் பார்த்து வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த கார் குறைக்கவில்லை. பம்பர் நசுங்கியது, யாருக்கும் ரத்தக் காயம் இல்லை. பம்பர் மாற்றும் செலவை அவர் அங்கேயே கொடுத்துவிட்டார், கிளம்பிவிட்டோம். போலீஸ், கேஸ், இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது.

மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது தலையைக் குனிய முடியவில்லை. கழுத்திலிருந்து நடுமுதுகு வரை ஒரே பிடிப்பு. அது 14 மாதம் இருந்துச்சு.

எக்ஸ்ரேயில் ஒண்ணுமில்ல. எம்.ஆர்.ஐ.யிலும் ஒண்ணுமில்ல. ஒரு கல்யாண வீட்டில் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருந்தபோது சொந்தக்கார அத்தான் ஒருத்தர் கேட்டார்: "கேஸ் எதுவும் போட்டிருக்கியா மாப்ள? கேஸ் முடிஞ்சா வலியும் முடிஞ்சிரும்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. தேடிப் பார்த்தால், அத்தானுக்கே தெரியாமல் அவர் பக்கம் இரண்டு பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. விபத்துக்குப் பின் வரும் கழுத்துவலி பற்றிப் பேசும் இடமெல்லாம் இவற்றைத்தான் காட்டுகிறார்கள். எனவே இரண்டையும் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது.

முதலாவது, 1996இல் லான்செட் இதழில் வந்தது. நார்வேயைச் சேர்ந்த ஹரால்ட் ஷ்ராடரும் குழுவும் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் செய்த ஆய்வு. அந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் சுவாரசியம். அன்றைக்கு அங்கே காயத்துக்கு இன்சூரன்ஸ் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. பின்னாலிருந்து இடித்தால் கழுத்துவலி வருஷக்கணக்கில் நிற்கும் என்ற பேச்சும் மக்களிடம் பரவியிருக்கவில்லை. போலீஸ் பதிவேட்டிலிருந்து, ஒன்று முதல் மூன்று வருஷம் முன்பு பின்னாலிருந்து இடிபட்ட 202 பேரை எடுத்தார்கள். அதே பகுதியில் விபத்தே நடக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். கழுத்துவலி இருப்பதாகச் சொன்னவர்கள் இடிபட்டவர்களில் 35 சதவீதம், மற்றவர்களில் 33 சதவீதம். ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. நஷ்டஈடு இல்லாத ஊரில் நாள்பட்ட வலியும் இல்லை என்று இதைப் புரிந்துகொண்டார்கள்.

இரண்டாவது, கனடாவின் சஸ்காட்சுவன் மாகாணம். 1995 ஜனவரி 1 முதல் அங்கே சட்டம் மாறியது. வலிக்கும் வேதனைக்கும் தனியாகக் கொடுத்த பணம் நின்றது. காசிடி குழுவினர் 2000இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவை வெளியிட்டார்கள். லட்சம் பேருக்கு 417 ஆக இருந்த கழுத்துக் காயக் கோரிக்கைகள் 302 ஆகக் குறைந்தன. பாதிக் கோரிக்கைகள் மூடுவதற்கு முன்பு 433 நாள் ஆனது, பிறகு 194 நாள்தான் ஆனது.

எண்கள் மலைக்க வைக்கின்றன. ஆனால் எந்தக் கேள்விக்கு இந்த எண்கள் பதில்?

சஸ்காட்சுவனை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம் இது. வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொல்லி டிக்கெட் போடுவார். டிக்கெட்டை மூடிவிட்டால் பிழை போய்விட்டது என்று அர்த்தமில்லை. சலித்துப்போய் அவரே விட்டுவிட்டதாலும் அது மூடப்படலாம். இந்த ஆய்வு அளந்தது கோரிக்கை மூடிய நாளை, வலி நின்ற நாளை அல்ல. ஆய்வாளர்களுக்கு இது தெரியும். தொடக்கத்தில் வலியும் மனச்சோர்வும் அதிகம் இருந்தவர்களின் கோரிக்கை மெதுவாகத்தான் மூடியது என்று காட்டி, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று வாதிடுகிறார்கள். தொடர்பு இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அதோடு, சிகிச்சைச் செலவும் வருமான இழப்பும் புதிய முறையிலும் கிடைத்தன. "பணம் நின்றது, வலி நின்றது" என்று ஒரே வரியில் சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

லிதுவேனியா ஆய்வில் வேறொரு சிக்கல். 202 பேருமே விபத்தில் சிக்கியவர்கள், ஆனால் எல்லாருக்கும் கழுத்தில் அடிபடவில்லை. விபத்தை ஒட்டிக் கழுத்து வலித்ததாக நினைவுபடுத்திச் சொன்னவர்கள் 31 பேர்தான். அந்த 31இல் நாலைந்து பேருக்கு வலி நீடித்திருந்தாலும், 202ஆல் வகுக்கும்போது அது காணாமல் போய்விடும். சாதாரண ஜனங்களிலேயே மூன்றில் ஒருவர் கழுத்து வலிக்கிறது என்று சொல்லும்போது, அந்தச் சத்தத்தில் இந்தச் சின்னக் குரல் எப்படிக் கேட்கும்? இதே குழுவினர் 1999இல், விபத்து நடந்த உடனேயே ஆட்களைப் பின்தொடர்ந்து இன்னொரு ஆய்வு செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் கழுத்துவலி அதிகபட்சம் 17 நாளில் நின்றது. இது வலுவான சான்று, தள்ளிவிட முடியாது.

ஆக என் முடிவு இதுதான். எதிர்பார்ப்பும் பயமும் வலியை நீட்டிக்கும் என்பதை இந்த ஆய்வுகளை வைத்து ஏற்கலாம். வலி என்று சொல்பவன் பணத்துக்காக நடிக்கிறான் என்பதை ஏற்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கு. என்னையே எடுத்துக்கொண்டால், கேஸ் இல்லை, பணம் இல்லை, ஆனாலும் 14 மாதம் வலித்தது. ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிறுவ முடியாது, தெரியும். ஆனால் அத்தானின் கேலியைத் தள்ளிவிட ஒரு ஆள் போதும்.

பயம் வலியை நீட்டிக்கும் என்ற பாதி எனக்கு உண்மையிலேயே உதவியது. தண்டுவடம் உடைந்துவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் பட்டையைக் கட்டிக்கொண்டு ரோபோ மாதிரி திரும்பினேன். 1995லேயே கியூபெக் பணிக்குழு, எலும்பு முறிவோ நரம்புப் பாதிப்போ இல்லையென்றால் பட்டையையும் நீண்ட ஓய்வையும் தவிர்த்து வழக்கமான வேலைகளுக்குத் திரும்பச் சொல்லியிருந்தது. 2014இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் சுவாரசியம். நாள்பட்ட கழுத்துவலிக்காரர்கள் 172 பேர். ஒரு பாதிக்கு 20 அமர்வு உடற்பயிற்சி. மறு பாதிக்கு அரை மணி நேர ஆலோசனை, ஒரு கையேடு, தேவையென்றால் போனில் இரண்டு முறை பேச்சு. ஒரு வருஷம் கழித்தும் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பயிற்சி வீண் என்று இதைப் படிக்கக் கூடாது. பயம் நீங்கும்படி ஒருவர் உட்கார்ந்து விளக்குவதும் சிகிச்சைதான் என்று நான் படிக்கிறேன். நான் செய்ததும் பெரிசா ஒண்ணுமில்ல. பட்டையைக் கழற்றினேன். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். வலித்தாலும் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினேன். வலி ஒரே நாளில் போகவில்லை, ஆனால் நாளுக்கு நாள் சுருங்கியது.

இதைப் பெருமையாக ஒரு டிரெய்லர் டிரைவரிடம் சொன்னேன். அதே புதுக்கோட்டையில், சாலையோர டீக்கடை. துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றி வந்தவர். பழைய விபத்து ஒன்றில் அவருக்கும் கழுத்து பிடித்திருந்தது. "20 நிமிஷத்துக்கு ஒருக்க எறங்கி நடந்தா மொதலாளி என்னய எறக்கி விட்ருவாரு அண்ணாச்சி" என்றார். மாத்திரையைப் போட்டு டீயைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

ஆய்வுகளில் இல்லாத ஒரு கேள்வி நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. ராஜ்குமார் எதிர் அஜய் குமார், 2010. விபத்து வழக்குகளில் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் வரும் இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்கிறது அந்தத் தீர்ப்பு. இடது கையை இழந்தவர் டிரைவரோ தச்சரோ என்றால் பிழைப்பே போகும், அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை போகாமலும் இருக்கலாம். எனவே முதலில் பார்க்க வேண்டியது, இந்த மனிதரால் இனி எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்பது.

உடைந்த எலும்புக்காக எழுதிய தீர்ப்புதான். எக்ஸ்ரேயில் தெரியாத கழுத்துக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரே கழுத்துவலி என்னை நாற்காலியை மாற்ற வைத்தது. உப்பளத்தில் தலைச்சுமை எடுப்பவரை அது வீட்டில் உட்கார வைக்கும். டிரைவரை மாத்திரையோடு ஓட்ட வைக்கும். "வழக்கமான வேலைக்குத் திரும்பு" என்ற நல்ல ஆலோசனை, வழக்கமான வேலை எது என்று கேட்காமல் சொல்லப்படுகிறது.

அடுத்த கல்யாணத்தில் கழுத்துப் பட்டையோடு யாராவது உட்கார்ந்திருந்தால், கேஸ் போட்டிருக்கீங்களா என்று கேட்காதீங்க. என்ன வேலை பார்க்கீங்க என்று கேளுங்க.