முகாம் எனும் முகமூடி

முகாம் என்றதும் நம் நினைவுக்கு வருவன எவை? கண் மருத்துவ முகாம், குருதிக்கொடை முகாம், மாணவர் தொண்டு முகாம். விரும்பியவர் செல்வர், வேலை முடிந்ததும் வீடு திரும்புவர். அந்த எளிய சொல்லுக்குச் 'சிறப்பு' என்ற அடைமொழியைச் சூட்டி, திருச்சி மத்தியச் சிறை வளாகத்திற்குள் ஓரிடத்திற்குப் பெயராக்கியுள்ளனர் ஆளவந்தார். முன்னர் செங்கல்பட்டிலும் பூந்தமல்லியிலும் இதே பெயரில் இடங்கள் இருந்தன. அங்கே மதில் உண்டு, பூட்டு உண்டு, காவலர் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று: தீர்ப்பு!

தீர்ப்பில்லாத சிறைக்கு முகாம் என்று பெயரிடுவது சொற்குற்றம் மட்டுமன்று, பொருட்குற்றமுமாகும். அதை எடுத்துக்காட்டத் திருப்பெரும்புதூரிலிருந்தே தொடங்குவோம்.

இன்று திருப்பெரும்புதூர் என்றால் தொழிற்சாலை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை மகிழுந்துகளும் கைப்பேசிகளும் உருவாகும் நெடுஞ்சாலை. அங்கே வேலைக்குச் செல்லும் இளைஞரிற் பலர், 1991 மே 21ஆம் நாள் இரவு அவ்வூரில் வெடித்த குண்டுக்குப் பின் பிறந்தவர்கள். ராஜீவ் காந்தியும், அவரைச் சூழ நின்ற காவலரும் பொதுமக்களும் அந்த இரவில் மாண்டனர். கொடுமைதான்! அதைக் கொடுமையன்று என்று கூற நாம் இங்கு வரவில்லை. கொடுமையை விசாரிக்க வந்த அரசு எந்த முறையைக் கையாண்டது என்பதே நம் கேள்வி.

தடா என்னும் சட்டம் அன்று கைக்கொள்ளப்பட்டது. காவல்துறைக் கண்காணிப்பாளர் எழுதிக்கொண்ட வாக்குமூலமே சான்றாகும் என்றது அச்சட்டம். பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 1998 சனவரி 28ஆம் நாள், குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்றது. உச்சநீதிமன்றம் 1999 மே 11ஆம் நாள் அவர்களுள் 19 பேரை விடுவித்தது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு வாழ்நாள் சிறை என்றது. தடா சட்டப்படியான பயங்கரவாதக் குற்றம் நிறுவப்படவில்லை என்றும் கூறிற்று. ஆயினும் அதே சட்டத்தின் பேரால் பெறப்பட்ட வாக்குமூலம் தள்ளப்படவில்லை! பேரறிவாளனின் வாக்குமூலத்தில் அவருக்குச் சாதகமான பகுதியைத் தாம் எழுதாது விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013இல் வெளிப்படையாகக் கூறினார். இருபத்தாறில் பத்தொன்பது பிழை! இத்தகைய கணக்கைப் பள்ளிப் பிள்ளை போட்டிருந்தால் ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார்?

ஆண்டுகள் உருண்டன. தூக்கு வாழ்நாள் சிறையாயிற்று. 2022 மே 18ஆம் நாள் பேரறிவாளனையும், நவம்பர் 11ஆம் நாள் எஞ்சிய அறுவரையும் உச்சநீதிமன்றம் விடுவித்தது. முப்பத்தொரு ஆண்டுச் சிறை முடிந்தது என்று நாடு எண்ணிற்று. ஆனால் அறுவருள் முருகன், சாந்தன், இராபர்ட் பயஸ், செயக்குமார் ஆகிய நால்வரும் ஈழத்தில் பிறந்தவர்கள். சிறைவாயிலைத் தாண்டியதும் அவர்களுக்காக ஊர்தி காத்திருந்தது. அது போய்ச் சேர்ந்த இடம் திருச்சிச் சிறப்பு முகாம். நீதிமன்றம் திறந்த கதவை நிர்வாகம் மூடிற்று. புதிய குற்றமில்லை, புதிய வழக்கில்லை, புதிய தீர்ப்புமில்லை. இருந்தது ஆணை ஒன்றே.

அந்த ஆணைக்குத் தாய், வெள்ளையர் ஆட்சியின் அந்தியில் 1946இல் பிறந்த அயல்நாட்டார் சட்டம். அயல்நாட்டான் இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்று அரசு கட்டளையிடலாம் என்பது அதன் மூன்றாம் பிரிவு. 'தங்க' என்ற சொல்லை 'அடைபட' என்று ஆட்சியாளர் பொருள் கொண்டனர். 2025இல் அச்சட்டம் போய்ப் புதுச்சட்டம் வந்தது; இன்ன இடத்தில் தங்கு எனக் கட்டளையிடும் அதிகாரமோ போகவில்லை.

"அயல்நாட்டாரைத் திருப்பி அனுப்பும்வரை எங்கே வைப்பது? கடவுச்சீட்டும் இல்லையே!" என்பார் சிலர். கேள்வி நியாயமானதே. ஆனால், திருப்பி அனுப்பும்வரை என்றால் எதுவரை? பத்து நாளா, பத்துத் திங்களா, பத்தாண்டா? ஆணை அதைச் சொல்லவில்லை. தண்டனைக் கைதிக்கேனும் விடுதலை நாள் தெரியும். முகாமில் இருப்பவனுக்கு அதுவும் தெரியாது. அலுவலகத்தில் கோப்பு நகரும் வேகமே அவனுடைய தண்டனைக் காலம்! அதனால்தான் அங்கே உண்ணாநோன்புகள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளன.

சாந்தனுக்கு அந்தக் கோப்பு மெல்லத்தான் நகர்ந்தது. தாயைக் காண யாழ்ப்பாணம் செல்ல வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். ஈரல் நோயுற்றுச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கிடந்தபோது, புறப்பட இசைவு தரும் ஆணை வந்தது. 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அங்கேயே இறந்தார். மகன் வருவான் என்றிருந்த தாயிடம் சென்றது மகனின் உடல். எஞ்சிய மூவரும் ஏப்ரல் 3ஆம் நாள் கொழும்புக்கு வானூர்தி ஏறினர். ஏப்ரலில் முடிந்தது பிப்ரவரிக்கு முன் முடிந்திருக்கலாகாதா? விடுதலைக்கும் சாவுக்கும் இடையே கழிந்த அந்தப் பதினைந்து திங்களுக்கு எந்த நீதிபதி தீர்ப்பெழுதினார்?

"அயலார்தாமே, நமக்கென்ன?" என்பது அடுத்த வாதம். அரசியற் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கட்டும். உயிரும் உரிமையும் குடிமகனுக்கு மட்டும் என்று அது கூறவில்லை. எந்த மனிதருக்கும் என்கிறது. பிரிட்டனிலும் இந்தக் கேள்வி எழுந்தது. பயங்கரவாத ஐயத்திற்குரிய அயல்நாட்டாரை வழக்கின்றிக் காலவரையற்று அடைப்பது மனித உரிமைக்கு முரண் என்று, 2004 டிசம்பரில் அந்நாட்டுப் பிரபுக்கள் அவையின் நீதியரசர் ஒன்பதின்மருள் எண்மர் தீர்ப்பளித்தனர். நமக்கு 1946இல் சட்டம் தந்து சென்றவர்களின் நாட்டிலேயே நிலை அது!

அயலாருக்கென்று வெட்டிய குழி அயலாரோடு நிற்பதுமில்லை. விசாரணையின்றி அடைக்கும் அதிகாரம், 22ஆம் பிரிவின் வழியாகக் குடிமக்கள் தலைமீதும் தொங்குகிறது. 1950இலேயே ஏ.கே. கோபாலன் சென்னை அரசை எதிர்த்து வழக்காடித் தோற்றார். 1976இல் மிசா வந்து நம் தோழர்களைச் சென்னைச் சிறையில் தள்ளியது. அங்கே பட்ட அடியின் கதையைச் சிட்டிபாபுவின் சாவு சொல்லும். 1982இல் வந்த குண்டர் சட்டம், ஓராண்டு வரை ஒருவரை வழக்கு விசாரணையின்றி வைக்க இடந்தருகிறது. 2023இல் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த உழவர்கள் மீதே அது பாய்ந்தது. எதிர்ப்பெழுந்த பின்னரே திரும்பப் பெறப்பட்டது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் கைதுகள் நடந்தன. கைதானவனை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி இல்லையேல், ஒரகடத்து இளைஞனுக்கும் திருச்சி முகாமில் இருப்பவனுக்கும் வேறுபாடு என்ன?

பகுத்தறிவாளர் நாம். முற்பிறவியில் செய்த பாவத்திற்கு இப்பிறவியில் தண்டனை என்ற கதையை ஏன் எள்ளி நகையாடினோம்? குற்றத்தைக் காட்டாமலே தண்டிப்பதால். மெய்ப்பிக்கவும் மறுக்கவும் வழியில்லாததால். இனிமேல் இவன் குற்றம் செய்யக்கூடும் என்று இன்றே அடைப்பது அதே கதையின் மறுபக்கமன்றோ? அங்கே முற்பிறவி, இங்கே எதிர்காலம். அங்கே தலைவிதி, இங்கே அரசாணை. சோதிடனின் கட்டத்தைக் கிழித்த கைகள், அதிகாரியின் ஆருடத்திற்கு முத்திரை குத்தலாமா?

இதைச் சொல்லும்போது டில்லியை மட்டும் சாடித் தப்ப முடியாது. சிறப்பு முகாம்களை நடத்தியவை தமிழக அரசுகள். மிசாவின் தழும்பைக் காட்டி வாக்குக் கேட்ட கழகமும், அதை வீழ்த்தி வந்த கழகமும் மாறி மாறி அவற்றின் சாவியைக் கையில் வைத்திருந்தன. விசாரியாமல் கோவலனைக் கொன்ற பாண்டியனிடம் நீதி கேட்டவள் என்பதற்காகக் கண்ணகிக்கு 1968இல் கடற்கரையில் சிலை வைத்தோம். சிலை சாலையில் நிற்கிறது. அவள் கேட்ட கேள்வி கோட்டைக்குள் நுழையவில்லை!

நாம் வேண்டுவது அருளன்று, முறை. அடைப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். காலத்தை வரையறுங்கள். ஆணையை நீதிபதி ஒருவர் முன் வைத்து, அடைபட்டவன் தரப்பில் வழக்கறிஞர் பேச இடந்தாருங்கள். இம்மூன்றையும் செய்ய மனமில்லையெனில், வாயிற்பலகையில் உள்ள முகாம் என்ற சொல்லையேனும் அழித்துவிட்டுச் சிறை என்று எழுதுங்கள். உள்ளே நடப்பது இன்னதென்று வெளியே செல்வோருக்குத் தெரியட்டும்.