மேலே ஓட்டம், கீழே நடை

வடலூர்க்காரனுக்கு அடுப்பு விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. 1867-இல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அந்த வாசனையோடு வளர்ந்ததாலோ என்னவோ, மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலைப் பார்க்கும்போதெல்லாம் மலைக்கு முன்னால் எஞ்சினின் அடுப்பைத்தான் தேடுகிறேன்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் முன்பெட்டிக்கு அடித்துக்கொள்வார்கள். காட்சிக்கு அது சரி. காதுள்ளவன் கடைசிப் பெட்டியில் ஏற வேண்டும். ஏனென்றால் ஏற்றத்தில் எஞ்சின் இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார்.

கல்லாறு வரை எஞ்சின் எல்லா நீராவி எஞ்சினையும் போலத்தான் மூச்சு விடும். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் சட்டம் தொடங்குகிறது. வண்டி தயங்கும், அடியில் பல்லோடு பல் கவ்வும். அதன் பிறகு கேட்கும் தாளமே வேறு. இந்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ள இரண்டும் தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களைச் சுற்றுகின்றன. அங்கே ஒருமுறை உழைத்துக் களைத்த நீராவியை வெளியே விட்டுவிடாமல் மேலே உள்ள இரண்டுக்கும் அனுப்பி, பல் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். நடுவில் கியர் இருப்பதால் மேல் ராடுகள் எதிர்த்திசையில், ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும். கீழே யானை நடை, மேலே குதிரை ஓட்டம். 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில், ஆள் கூடவே ஓடிவரக்கூடிய வேகத்தில், இந்த இரண்டு காலமும் ஒன்றையொன்று இடறாமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மிருதங்கம் தெரிந்தவர்கள் இதற்கு இன்னும் நல்ல பெயர் வைப்பார்கள்.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914-க்கும் 1952-க்கும் இடையில் கட்டி வந்த எக்ஸ் எஞ்சின்கள் மொத்தம் 17. பாதை அவற்றைவிடப் பழையது: குன்னூர் வரை 1899, ஊட்டி வரை 1908.

பழைய ரயிலைக் காப்பாற்றுவது என்றால் இங்கிலாந்துப் பக்கம் வேல்ஸைக் காட்டுவார்கள். 1951-இல் டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் சாகக் கிடந்த டாலிலின் என்னும் குட்டி ரயிலைச் சம்பளமில்லாமல் ஓட்ட ஆரம்பித்தார்கள்; ஆர்வலர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில் அது. நமக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் இரண்டரை அடி அகலத்தில் உண்மையான நேரோகேஜ் ரயில்கள் ஓடின. பிறகு மூடியதோடு சரி. மீட்டர்கேஜான நீலகிரி மட்டும் பிழைத்தது, பல் சட்டப் பாதைக்கு மாற்று எதுவும் எளிதில் கிடைக்காததால். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகுதான் இதற்குப் பாரம்பரியம் என்ற பெயர் வந்தது. அதுவரை அது வேலைக்குப் போகும் வண்டி.

திருச்சி பொன்மலைப் பணிமனை செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2011-இலிருந்து அங்கே எண்ணெயில் எரியும் நான்கு எக்ஸ் எஞ்சின்களைப் புதிதாகவே கட்டினார்கள். 2021-இல் நிலக்கரியில் எரிவது ஒன்று. புதிது எப்படிப் பழையதாகும் என்று சில ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள். சிதம்பரத்துப் பக்கம் இருப்பவனுக்கு அந்தச் சந்தேகம் வராது. தேருக்கு அச்சு தேய்ந்தால் மாற்றுகிறோம், சக்கரம் பழுதானால் மாற்றுகிறோம். ஆனியில் வடம் பிடிக்கும்போது அது அதே தேர்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் பெயின்ட் அடித்து நிறுத்திய எஞ்சினைவிட, நேற்று கட்டி இன்று புகை விடும் எஞ்சின்தான் எனக்கு அசல்.

ஒரே ஒரு குறை சொல்லலாம். எண்ணெய் அடுப்பில் திருகைத் திருப்பினால் தீ வந்துவிடும். கரி அடுப்பில் தீயை வளர்க்க வேண்டும்: எந்த மூலையில் மெல்லியதாய் எரிகிறதோ அங்கே ஒரு மண்வெட்டிக் கரி, அதுவும் ஏற்றம் வருவதற்கு முன்பே. கரி எஞ்சின் திரும்ப வந்தபோது எனக்குச் சந்தோஷம் அதனால்தான்.

ஹில்குரோவில் வண்டி நின்று தண்ணீர் குடிக்கிறது. பயணிகள் டீக்கும் குரங்குக்கும் இறங்குகிறார்கள். டிரைவர் எண்ணெய்க் குவளையோடு இறங்கி, மேல் ராடின் மூட்டில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். சூடு அளவாக இருக்கிறது போலும். இரண்டு சொட்டு விட்டுவிட்டு அடுத்த மூட்டுக்கு நகர்கிறார்.