பேசும் விலங்குகளின் கழுத்துப்பட்டி

யோகிக் கரடிக்குக் காற்சட்டை இல்லை. ஆயின் தொப்பியும் கழுத்துப்பட்டியும் உண்டு. சிறுபராயத்தில் இதனை வேடிக்கையெனக் கண்டு சிரித்தோம். அப்படங்களை இன்று மீளப் பார்க்கையில் அக்கழுத்துப்பட்டியே எமது கவனத்தை ஈர்க்கின்றது.

1957இல் எம்.ஜி.எம். நிறுவனம் தனது கார்ட்டூன் பிரிவை மூடியது. அங்கு 'ரொம் அன்ட் ஜெரி'யை உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் அவ்வாண்டிலேயே தொலைக்காட்சியை நாடினர். திரைப்படத்துக்குக் கிடைத்த பணமும் காலமும் அங்கு கிடைக்கவில்லை. ஆகவே வரையப்படும் சித்திரங்களின் தொகை குறைக்கப்பட்டது. கழுத்தில் ஒரு பட்டி இருப்பின், உடலை அசையாது நிறுத்தித் தலையை மட்டும் மாற்றி வரையலாம், இணைப்புத் தெரியாது. அசைவு குறைந்த இடத்தைப் பேச்சு நிரப்பிற்று. ரொம்மும் ஜெரியும் பெரும்பாலும் பேசுவதில்லை. 1958இல் தோன்றிய ஹக்கிள்பெரி ஹவுண்டும் யோகியும் ஓயாது பேசுகின்றன. இவ்விரண்டுக்கும் குரல் கொடுத்தவர் டோஸ் பட்லர் என்ற ஒருவரே. விலங்குகள் பேசுவதைப் பழைய நீதிக்கதை மரபின் தொடர்ச்சியென மட்டும் விளக்குவோர் இவ்வுற்பத்தி நிலைமையைக் காணத் தவறுகின்றனர்.

எனினும், உற்பத்தி நிலைமையைக் கூறியதும் கலையையும் கூறிவிட்டோம் என்பது எமக்கு உடன்பாடன்று. ஹக்கிள்பெரியின் இழுத்துப் பேசும் அமெரிக்கத் தென்மாநிலத் தொனி, அடிமேல் அடி விழுந்தும் கலங்காத ஓர் எளியவனை எம்முன் நிறுத்துகின்றது. இதனைச் செலவுக் கணக்கிலிருந்து வருவிக்க முடியாது. யோகியோ பூங்காக் காவலரை ஏய்த்து உல்லாசப் பயணிகளின் உணவுக்கூடைகளைக் கவர்கின்றது. அக்காடு எவருடையது என்று அது கேட்பதில்லை. கெலொக் நிறுவனத்தின் விளம்பர ஆதரவில் பிறந்த பாத்திரம் அவ்வாறு கேளாமை வியப்பன்று. ஆனால், காவலரின் பக்கம் நின்று அப்படத்தைப் பார்த்த சிறுவர் எவரையும் நாம் அறியோம்.